லோடு ஏற்றும் பிக்கப்புக்கு எந்த பிரேக் பேட்? டிஸ்க், காலிப்பரும் மாற்ற வேண்டுமா?

சுமைவண்டி:

வணக்கம் நண்பர்களே. டபுள் கேப் டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். முன்னால் வென்டிலேட்டட் டிஸ்க் (உள்ளே காற்று போக வழியுள்ள தட்டு), பின்னால் டிரம். சில நாள் காலியாக ஓடும், சில நாள் ஏறக்குறைய ஒரு டன் ஏறும். போகிற வழியில் நீளமான மலையிறக்கம் உண்டு. காலி வண்டியில் ஒரு குறையும் இல்லை. லோடோடு இறங்கும்போதுதான் சிக்கல். பாதி இறக்கம் தாண்டியதும் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நின்றபாடில்லை. கருகிய வாடை வேறு. அடிவாரத்தில் ஓரங்கட்டி ஆறவிட்டுக் கிளம்பினால் பழையபடி பிடிக்கிறது.

பேட் மாற்ற வேண்டிய நேரமும் வந்துவிட்டது. ஒருவர் செராமிக் போடச் சொல்கிறார். இன்னொருவர், லோடு வண்டி என்றால் செமி மெட்டாலிக்தான் என்கிறார். துளை போட்ட டிஸ்க்கும் ஆறு பிஸ்டன் காலிப்பரும் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) மாட்டினால்தான் தீரும் என்பது மூன்றாமவர் கட்சி. எதில் தொடங்குவது?

ஸ்பேனர்14:

எந்த பேட்னு அப்புறம் பாக்கலாம். பிரேக் பிடிக்காமப் போன நேரத்துல மிதி எப்படி இருந்துச்சு? வழக்கம்போல இறுக்கமா நின்னுச்சா, இல்ல பொசுக்குனு கீழ இறங்குச்சா? இதுக்குப் பதில் தெரியாம யார் என்ன பேட் சொன்னாலும் அது குருட்டாம்போக்குதான்.

மிதி இறுக்கமா இருக்கு, ஆனா வண்டி நிக்கலன்னா பேட் சூட்டுல பிடிமானத்த இழந்துடுச்சுனு அர்த்தம். மிதி மெத்துனு ஆகி தரை வரைக்கும் போனா, காலிப்பர்ல இருக்கிற பிரேக் ஆயில் கொதிச்சு ஆவியாயிடுச்சு. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால உங்க மிதி அந்த ஆவியை அமுக்குறதுலயே தீந்துபோகும். ரெண்டாவது கேஸ்ல உலகத்துலயே நல்ல பேட்டைப் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. ரெண்டும் ஆறினா சரியாயிடும், அதனால வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு ஒண்ணு போலத்தான் தெரியும்.

சுமைவண்டி:

மிதி இறுக்கமாகத்தான் இருந்தது. கீழே போகவில்லை.

ஸ்பேனர்14:

அப்போ பேட் சூடுதான். ஆனா பேட் ஏன் அவ்வளவு சூடாச்சுங்கிறது தனிக் கேள்வி. நாலு வீலையும் கழட்டுங்க, பின்னால டிரம்மையும் கழட்டுங்க. உள் பக்கப் பேட், வெளிப் பக்கப் பேட் ரெண்டோட தடிமனையும் தனித்தனியா பாருங்க. காலிப்பர் நகர உதவுற ஸ்லைடு பின் கையால தள்ளினா போயிட்டு வருதா, டிரம்ல ஷூவுக்கும் (உள்ள இருந்து டிரம்மை உரசுற கட்டை) டிரம்முக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கு, டிஸ்க் தடிமன் எவ்வளவு, இதையும் பாத்துட்டு வந்து எழுதுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணும் வாங்காதீங்க.

அமைதிப்பயணம்:

நான் பிக்கப்பில் செராமிக்தான் போடுகிறேன். சத்தம் இல்லை, வீலில் கறுப்புத் தூசி அப்புவதில்லை, டிஸ்க்கையும் அதிகம் தின்பதில்லை. லோடு வண்டிக்கு ஆகாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

நியூட்டன்மீட்டர்:

அமைதிப்பயணம் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவருடைய ஓட்டமும் சுமைவண்டியின் ஓட்டமும் ஒன்றல்ல. எவ்வளவு வெப்பம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் பேச்சு தெளிவாகும்.

வண்டியும் சுமையும் சேர்த்து 3000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் ஏறக்குறைய 11.6 லட்சம் ஜூல் ஆற்றலை பிரேக் விழுங்க வேண்டும். அதில் 70 சதவீதம் முன் பிரேக்குக்குப் போகிறது, டிஸ்க் ஒன்று 10 கிலோ என்று எடுத்தால், அந்த ஒரே நிறுத்தத்தில் முன் டிஸ்க்குகளின் சூடு 90 டிகிரி அளவுக்குக் கூடும். பரவாயில்லை, சமாளிக்கலாம்.

இதே வண்டி 5 கி.மீ. தூரத்தில் 300 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று பாருங்கள். இறக்கத்தில் விடுபடும் ஆற்றல் 88 லட்சம் ஜூல். 100 கி.மீ. வேகத்திலிருந்து ஏழெட்டு முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால் ஏழரை நிமிடம் விடாமல் கிட்டத்தட்ட 20 கிலோவாட் வெப்பம். டயர் உருளும் தடையும் காற்றும் இதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை இன்ஜின் வாங்குகிறதா, பிரேக் வாங்குகிறதா என்பதை நீங்கள் எந்த கியரில் இறங்குகிறீர்கள் என்பது முடிவு செய்கிறது.

பேட்டுக்கு வெப்பத்தைக் குறைக்கும் சக்தி கிடையாது. எந்தச் சூடுவரை பிடிமானம் விடாமல் தாங்கும் என்பதில்தான் ஒரு பேட்டுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். வெப்பத்தை வாங்கி வைப்பது டிஸ்க்கின் இரும்பு, கொண்டுபோவது காற்று. பேட்டை மட்டும் மாற்றிவிட்டு மூன்றாவது, நான்காவது கியரில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், பேட் தாங்கிவிடும். அடுத்து ஆயில் கொதிக்கும்.

சுமைவண்டி:

கழற்றிப் பார்த்தேன். இடது முன் வீலில் உள் பேட் தகடு தெரியும் அளவுக்கு வந்துவிட்டது. வெளிப் பேட் பாதிக்கு மேல் இருக்கிறது. கீழ் ஸ்லைடு பின் அசையவே இல்லை, தட்டித்தான் எடுத்தோம். பின் முழுக்கத் துரு, ரப்பர் உறை கிழிந்திருந்தது. வலது பக்கம் இரண்டு பேட்டும் சமமாகத் தேய்ந்திருக்கின்றன.

டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சம் 26 மி.மீ. என்று பொறித்திருக்கிறது. அளந்தால் 26.3. பின் டிரம்மில் ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரின் பல் சக்கரம் துருவில் இறுகிவிட்டது. ஷூ டிரம்மைத் தொட வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது.

ஸ்பேனர்14:

பாதி வியாதி தெரிஞ்சுபோச்சு.

உங்க காலிப்பர் மிதக்குற வகை. பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். அது உள் பேட்டைத் தள்ளும், காலிப்பர் பின்னால நகர்ந்து வெளிப் பேட்டை இழுக்கும். ஸ்லைடு பின் இறுகிட்டா காலிப்பர் நகராது, உள் பேட் மட்டும்தான் வேலை செய்யும். காலை எடுத்த பிறகும் பேட் சரியா விலகாம டிஸ்க்கை உரசிக்கிட்டே வரும். மலை இறங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அந்த டிஸ்க் சூடாத்தான் இருந்திருக்கும்.

அடுத்தது டிரம். பின் ஷூ பேருக்குத்தான் தொட்டுக்கிட்டு இருந்திருக்கு. காலி வண்டியில அது தெரியாது, ஏன்னா காலி பிக்கப்போட பின் பக்கத்துல எடையே கிடையாது. ஒரு டன் ஏத்தும்போது பின் டயருக்கு நல்ல பிடிப்பு வருது, ஆனா அதைப் பயன்படுத்த அங்க பிரேக் இல்ல. அந்த வேலையும் முன்னாடி வந்து விழுந்திருக்கு.

அட்ஜஸ்டரைக் கழட்டி மரை சுத்தம் பண்ணுங்க, சூடு தாங்குற கிரீஸ் ஒரு பூச்சு கொடுங்க. பல் தேஞ்சிருந்தா புதுசு போடுங்க. டிரம்மை மாட்டிச் சுத்தினா லேசா உரசுற சத்தம் கேக்கணும், கை கொடுத்தா சிரமமில்லாம சுத்தணும். ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்திட்டு ஷூவை அட்ஜஸ்ட் பண்ணுங்க, கடைசியாத்தான் கேபிள். கேபிளை இழுத்துவச்சு ஷூவை நெருக்குறது தப்பு. அப்படிச் செஞ்சா பல வண்டிகள்ல தானா அட்ஜஸ்ட் ஆகுற ஏற்பாடு வேலை செய்யாமப் போயிடும்.

ஸ்லைடு பின்னும் உறையும் ரெண்டு பக்கமும் புதுசு. சாதா சேஸிஸ் கிரீஸ் வைக்கவே கூடாது, பெட்ரோலிய கிரீஸ்ல அந்த ரப்பர் ஊதிப்போயி பின்னை மறுபடி இறுக்கும். பிரேக்குக்குன்னு வர்ற சிலிகான் கிரீஸ் மெல்லிசா ஒரு பூச்சு போதும். குழியில நிறைய அடைச்சா காத்து போக வழியில்லாம பின் திரும்பி வெளிய தள்ளும். சில காலிப்பர்ல ஒரு பின்ல மட்டும் ரப்பர் புஷ் இருக்கும். அது மேலயா கீழயான்னு கழட்டும்போதே குறிச்சு வைங்க, மாறக் கூடாது.

டிஸ்க் ரெண்டும் புதுசு போடுங்க. 0.3 மி.மீ.தான் மிச்சம், லேத்துல கடைஞ்சா அளவுக்குக் கீழ போயிடும். அதோட தேஞ்ச டிஸ்க்ல இரும்பு கம்மி, அதே வேலைக்கு இன்னும் சீக்கிரம் சூடாகும்.

மலைப்பாதை:

பேட்டின் உலோகத் தகடு உட்காரும் காலிப்பர் பிராக்கெட்டின் கிளிப்பையும் மறந்துவிடாதீர்கள். கிளிப்புக்கு அடியில் துரு கட்டினால் புதுப் பேட் உள்ளே போகவே அடம் பிடிக்கும். சிலர் பேட்டின் காதை அரம் போட்டுத் தேய்த்து உள்ளே தள்ளுகிறார்கள். தேய்க்க வேண்டியது பிராக்கெட்டில் இருக்கும் துருவை. கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிட்டுப் புதுக் கிளிப் போட்டால் பேட் விரலால் தள்ளினாலே நகரும்.

நியூட்டன்மீட்டர்:

இப்போது பேட் விஷயத்துக்கு வரலாம்.

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று ரகம். ஆர்கானிக் பேட்டில் நார், ரப்பர், பிசின் கலவை. மென்மையானது, சத்தமில்லாதது, குளிரில் உடனே பிடிக்கும். ஆனால் சீக்கிரம் தேயும், சூட்டில் முதலில் கைவிடுவதும் இதுதான். செமி மெட்டாலிக் பேட்டின் எடையில் சுமார் 30 முதல் 65 சதவீதம் உலோகம், பெரும்பாலும் எஃகு நாரும் இரும்புத் தூளும். சூட்டைத் தாங்கும், டிஸ்க்கிலிருந்து வெப்பத்தை இழுத்துக் கடத்தும். அதற்கு விலையாக டிஸ்க் தேயும், தூசி கறுப்பாகக் கொட்டும், கீச்சென்ற சத்தமும் வரலாம். செராமிக் பேட் வெப்பத்தை அவ்வளவு கடத்தாது. காலிப்பருக்குப் போகும் சூடு குறைவு, அது நல்லதுதான். ஆனால் வெளியேறாத வெப்பம் டிஸ்க்கில் தங்கும். நகர ஓட்டத்தில் இது தெரியாது. நீண்ட இறக்கத்தில் டிஸ்க் ஏற்கெனவே தாங்கும் எல்லையை ஒட்டியிருந்தால் தெரியும்.

செராமிக் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரே பெயரில் குடும்பக் காருக்கான கலவையும் வருகிறது, கனரகப் பிக்கப்புக்கென்று செய்த கலவையும் வருகிறது. இரண்டும் ஒன்றல்ல.

பேட்டின் ஓரத்திலோ தகட்டிலோ நீளமாக ஒரு குறியீடு இருக்கும். அதில் சேர்ந்து வரும் இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். எஸ்ஏஇ ஜே866 என்ற பேட் குறியீட்டு முறைப்படி முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எண், இரண்டாவது அதிகச் சூட்டில். இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. எஃப்எஃப் என்று இருந்தால் சூடேறிய பிறகும் அதே வரம்புக்குள் நிற்கிறது. எஃப்இ என்றால் சூட்டில் ஒரு படி இறங்குகிறது. லோடு வண்டிக்கு இரண்டாவது எழுத்து முதல் எழுத்தைவிட இறங்கக் கூடாது.

இந்த எழுத்துகள் ஒரு சதுர அங்குலத் துண்டைச் சோதனை எந்திரத்தில் உரசி எடுத்த அளவு. உங்கள் வண்டி எத்தனை மீட்டரில் நிற்கும் என்பதை இவை சொல்லாது, எவ்வளவு நாள் உழைக்கும் என்பதையும் சொல்லாது. தரமற்றதைக் கழித்துக்கட்ட உதவும், அவ்வளவுதான். ஐரோப்பிய ஆர்90 முத்திரை இருந்தால் இன்னும் கொஞ்சம் தைரியம். அந்த விதிப்படி மாற்றுப் பேட்டின் செயல்திறன் அந்த வண்டியின் ஒரிஜினல் பேட்டிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. கூடக் கூடாது என்பதும் முக்கியம். முன்னால் மட்டும் மிக அதிகமாகப் பிடிக்கும் பேட்டைப் போட்டால் முன் பின் சமநிலை கெட்டுவிடும்.

அமைதிப்பயணம்:

இரண்டாவது எழுத்து விஷயம் எனக்குப் புதிது. என் பேட்டின் பெட்டியை எடுத்துப் பார்த்தேன், எஃப்எஃப்தான். மூன்று இலை போட்ட ஒரு படமும் இருக்கிறது. அது தரக் குறியா?

நியூட்டன்மீட்டர்:

தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேட் தூசியில் இருக்கும் செம்பு மழைநீரோடு ஓடையில் கலந்து மீன்களைப் பாதிக்கிறது என்பதால் அமெரிக்காவில் கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்கள் 2010இல் சட்டம் கொண்டுவந்தன. மூன்று இலை என்றால் செம்பு 0.5 சதவீதத்துக்கும் குறைவு. ஆற்றுக்கு நல்லது.

மண்ரோடு:

துளை போட்ட டிஸ்க் பத்தி யாரும் பேசலயே. அழகா இருக்கும்னு நானும் ஒரு காலத்துல விசாரிச்சேன். லோடு வண்டிக்கு வேணாம்னுதான் நான் சொல்லுவேன். துளை ஒவ்வொண்ணும் வார்ப்புல ஒரு பலவீனமான இடம். சூடேறி ஆறி சூடேறி ஆறி, துளை ஓரத்துல மயிரிழை விரிசல் விட ஆரம்பிக்கும். துளையிட்டு எடுத்த இரும்பும் போச்சு. கோடு வெட்டின டிஸ்க்னா ஒத்துக்கலாம், பேட் முகத்தைச் சுரண்டி சுத்தமா வச்சிக்கும், சேறும் தண்ணியும் சீக்கிரம் விலகும். பேட் கொஞ்சம் வேகமாத் தேயும், ஒரு உறுமல் சத்தம் இருக்கும்.

நியூட்டன்மீட்டர்:

ஒத்துப்போகிறேன். நல்ல தரமான சாதா வென்டிலேட்டட் டிஸ்க்கே சுமைவண்டிக்குப் போதும். உள்ளே இருக்கும் காற்றுக் கண்ணறைகள்தான் குளிர்விக்கும் வேலையில் பெரும் பங்கைச் செய்கின்றன. வாங்கும்போது இரண்டு டிஸ்க்கைக் கையில் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவில் ஒன்று கணிசமாக லேசாக இருந்தால் அதைத் தவிருங்கள்.

சுமைவண்டி:

ஆறு பிஸ்டன் காலிப்பர்?

நியூட்டன்மீட்டர்:

பிஸ்டன் எத்தனை என்பதில் பிரேக் பலம் இல்லை. பிஸ்டன்களின் மொத்தப் பரப்பும், டிஸ்க்கின் நடுவிலிருந்து பேட் எவ்வளவு தள்ளி அழுத்துகிறது என்பதும், பேட்டின் உராய்வும்தான் பலம். பரப்பைக் கூட்டினால் அதை நிரப்ப அதிக ஆயில் வேண்டும். மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதே இருந்தால் மிதி முன்பைவிட ஆழமாகப் போகும். முன் பிரேக் மட்டும் வலுவானால், காலி வண்டியில் ஈர ரோட்டில் முன் டயர் முந்திப் பூட்டப் பார்க்கும், வீல் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் அடிக்கடி குறுக்கிடும்.

இப்போதே பலமாக மிதித்தால் ஏபிஎஸ் வேலை செய்கிறதென்றால், உங்கள் பிரேக்குக்கு டயரின் பிடிமானத்தை மிஞ்சும் பலம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குமேல் காலிப்பரில் செலவழிப்பதால் அந்த ஒரு நிறுத்தம் குறுகாது. நல்ல டயர் போட்டால் குறுகும். பெரிய டிஸ்க் கிட்டின் உண்மையான பலன், அடுத்தடுத்து மிதித்தாலும் சூட்டைத் தாங்குவது. எப்போதும் முழு லோடு, எப்போதும் மலை என்றால் அது நியாயமான செலவு. உங்களுடைய இரண்டு பழுதும் சரியான பிறகும் சிக்கல் இருந்தால் அப்போது யோசியுங்கள்.

மண்ரோடு:

என் வண்டி கதை வேற. வண்டியை உயர்த்துற லிஃப்ட் கிட் போட்டு டயரும் பெருசாக்கினேன், 265/65 ஆர்17ல இருந்து 285/70 ஆர்17. அதுக்கப்புறம் பிரேக் மந்தமாயிடுச்சு. பேட் புதுசுதான், ஸ்லைடு பின் எல்லாம் சுலபமா ஓடுது, ஆயிலும் மாத்தியாச்சு. என்ன பண்ணலாம்?

ஸ்பேனர்14:

ரெண்டு காரணம் இருக்கும். டயரோட விட்டம் 776 மி.மீ.ல இருந்து 831 மி.மீ.க்குப் போயிருக்கு. அதே பிரேக் முறுக்கு, நீளமான கை. ரோட்டுல கிடைக்கிற நிறுத்தும் விசை ஏழு சதவீதம் போச்சு. டயரோட எடையும் கூடியிருக்கும், அதைச் சுத்தாம நிறுத்துறதுக்கும் பிரேக்தான் உழைக்கணும்.

ரெண்டாவதைத்தான் நிறைய பேர் பாக்குறதில்ல. பின் ஆக்சிலுக்கு மேல, சேஸிஸ்ல ஒரு வால்வு இருக்கும், அதுல இருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்கு வரும். எல்லா பிக்கப்லயும் கிடையாது, புது வண்டிகள்ல ஏபிஎஸ்ஸே அந்த வேலையைப் பாத்துக்கும். இருக்கிற வண்டியில, லோடு ஏறி பின் பக்கம் அமுங்கினா அந்தக் கம்பி வால்வைத் திருப்பி பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும். காலியா நிமிர்ந்து நின்னா குறைக்கும், இல்லாட்டி பின் வீல் பூட்டி வண்டி சுத்திடும். நீங்க லிஃப்ட் பண்ணினதும் சேஸிஸ் ஆக்சிலை விட்டு மேல போயிடுச்சு. வால்வைப் பொறுத்தவரைக்கும் உங்க வண்டி எப்பவுமே காலிதான். முழு லோடு ஏத்தினாலும் பின்னால அரை பிரேக்தான் விடும். லீஃப் ஸ்பிரிங்ல கூடுதல் பட்டை சேக்குறவங்களுக்கும் இதே கதை.

கம்பி பிடிக்கிற இடத்துக்கு லிஃப்ட் அளவுக்குத் தகுந்த பிராக்கெட் போட்டு, வொர்க்‌ஷாப் மேனுவல்ல இருக்கிற அளவுக்குக் கொண்டுவரணும். அழுத்தமானி வச்சு சரிபார்க்கிற இடத்துல செய்யுங்க. கண் அளவுல வளைச்சுவிட்டு, காலி வண்டியில மழைக்குப் பின் வீல் பூட்டினா உயிருக்கே ஆபத்து.

மண்ரோடு:

இப்பத்தான் குனிஞ்சு பாத்தேன், கம்பி கடைசி வரைக்கும் கீழ இழுத்துக்கிட்டு நிக்குது. இதைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். நன்றிண்ணா.

இழுவைக்காரி:

ஆயிலைப் பற்றி விவரமாக யாரும் எழுதவில்லையே. சுமைவண்டி சார், உங்கள் வண்டியில் எப்போது மாற்றினீர்கள்?

சுமைவண்டி:

வண்டி என் கைக்கு வந்த பிறகு மாற்றவில்லை. டப்பாவில் அளவு குறைந்தபோது ஊற்றியதோடு சரி. டாட் 3 என்று ஆயிலின் ரகம் மூடியில் இருக்கிறது.

இழுவைக்காரி:

அப்படியென்றால் இந்த வேலையோடு அதையும் முடித்துவிடுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் 3.7 சதவீதம் சேர்ந்ததும் அந்த உத்தரவாதம் 140க்கு வந்துவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் சேர்ந்தபின் 155. டாட் 5.1 என்றால் 260, 180. மூன்றும் ஒரே கிளைக்கால் குடும்பம், டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 மட்டும் சிலிகான், பெயர் ஒற்றுமையைப் பார்த்து ஏமாந்து அதை இதில் கலக்கக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுவது நல்ல பழக்கம், மலையில் லோடு இழுப்பவர்களுக்குக் கட்டாயம் என்பேன்.

இன்னொன்று. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், டப்பாவில் அளவு தானாக இறங்கும். அளவு குறைகிறது என்றால் ஊற்றுவதற்கு முன் பேட்டைப் பாருங்கள். புதுப் பேட் மாட்ட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, நடுவில் ஊற்றிய ஆயில் டப்பாவிலிருந்து வழிந்து பெயிண்டை உரித்துவிடும்.

மலைப்பாதை:

எஃகு வலை பின்னிய பிரேக் ஹோஸ் போடலாமா? மிதி இறுக்கமாகிவிடும் என்கிறார்களே.

ஸ்பேனர்14:

பழைய ரப்பர் ஹோஸ் வெடிச்சோ ஊதியோ இருந்தா மாத்தத்தான் வேணும், அப்ப எது போட்டாலும் மிதி இறுக்கமாகும். நல்ல ரப்பர் ஹோஸ் இருக்கும்போது மாத்தினா கால்ல தெரியுற உணர்வு கொஞ்சம் மாறும், நிக்கிற தூரம் மாறாது. ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ள வீங்கி அடைச்சுக்கிட்டாலும் காலை எடுத்த பிறகு பிரேக் விடாது, ஸ்லைடு பின் இறுகின மாதிரியேதான் தெரியும். பின் மாத்தியும் வீல் சூடாச்சுன்னா ஹோஸைச் சந்தேகப்படுங்க.

சுமைவண்டி:

எல்லாவற்றையும் வைத்து இப்படி முடிவு செய்திருக்கிறேன். முன்னால் சாதா வென்டிலேட்டட் டிஸ்க் இரண்டு, எஃப்எஃப் குறியுள்ள செமி மெட்டாலிக் பேட், புதுக் கிளிப், ஸ்லைடு பின், உறை. பின்னால் அட்ஜஸ்டர், ஷூ. டாட் 4 ஆயில். காலிப்பர் பழையதே. மாட்டும்போது கவனிக்க வேண்டியது என்ன?

ஸ்பேனர்14:

புது டிஸ்க்ல துருப் பிடிக்காம இருக்க ஒரு எண்ணெய்ப் பூச்சு வரும். பிரேக் கிளீனர் போட்டு வெள்ளைத் துணி கறுக்காம வர்ற வரைக்கும் துடைங்க. டிஸ்க் உக்காருற ஹப் முகத்துல துருப் பொருக்கு இருந்தா கம்பி பிரஷ் போட்டு இரும்பு தெரிய எடுங்க. அந்தப் பொருக்கு ஒரு தாள் தடிமன் இருந்தாலே டிஸ்க் ஆடிக்கிட்டே சுத்தும். கொஞ்ச நாள்ல ஒரு இடம் தேஞ்சு ஒரு இடம் தடிச்சு, பிரேக் போட்டா ஸ்டியரிங் உதறும். டிஸ்க் வளைஞ்சுபோச்சுனு சொல்லுவாங்க. நிறைய கேஸ்ல அது வளைஞ்சிருக்காது, தடிமன் மாறினதும் பேட் பொருள் திட்டுத்திட்டா ஒட்டினதும்தான் காரணம். வீல் நட்டைக் கன்னாபின்னான்னு ஏர் கன்ல இறுக்கினாலும் அதே பிரச்சினை வரும். டார்க் ரெஞ்ச் வச்சு குறுக்குக்குறுக்கா இறுக்குங்க.

டிரம்ல இருக்கிற தூசியைக் காத்தடிச்சு ஊதாதீங்க. பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரமாக்கித் துடைச்சு எடுங்க.

எல்லாம் மாட்டினதும் வண்டியை நகத்துறதுக்கு முன்னாடி மிதியை நாலஞ்சு தடவை அழுத்தி இறுக்கமாகுதானு பாருங்க. பிஸ்டன் உள்ள தள்ளியிருக்கும், முதல் மிதி தரைக்குத்தான் போகும். இதை மறந்துட்டு ரிவர்ஸ் எடுத்து சுவத்துல மோதினவங்க உண்டு.

நியூட்டன்மீட்டர்:

அடுத்து பேட்டைப் பழக்குவது. பேட் தயாரித்தவர் கொடுத்த முறை பெட்டியில் இருந்தால் அதுவே வேதம். இல்லையென்றால், காலியான ரோட்டில் லோடு இல்லாமல், 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை நிதானமாக எட்டுப் பத்து முறை குறையுங்கள். ஏபிஎஸ் அடிக்கும் அளவுக்கு மிதிக்க வேண்டாம், முழுசாக நிறுத்தவும் வேண்டாம். முடிந்ததும் சில கிலோமீட்டர் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். டிஸ்க் முகத்தில் பேட் பொருள் மெல்லிய படலமாகச் சீராகப் படிய வேண்டும், அதற்குத்தான் இது. சூடான டிஸ்க்கில் மிதியை அழுத்திப் பிடித்தபடி நின்றால், பேட் நின்ற இடத்தில் மட்டும் திட்டு விழும். மலை இறங்கி அடிவாரத்தில் நிறுத்தும்போதும் இதே கவனம் வேண்டும். மிதியை விட்டுவிட்டு வண்டி மெல்ல உருளட்டும், சமதளத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு நிறுத்துங்கள்.

இழுவைக்காரி:

டிரெய்லர் இழுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேட், டிஸ்க் எல்லாம் பிக்கப்பின் சொந்த எடைக்கும் அதன் மேல் ஏற்றக்கூடிய சுமைக்கும் கணக்கிட்டவை. பின்னால் தொடுத்த பெரிய டிரெய்லரை அதன் சொந்த பிரேக்தான் நிறுத்த வேண்டும். டிரெய்லர் பிரேக் வலுக்குறைந்தால் முதலில் தெரிவது பிக்கப்பின் முன் பேட் அநியாயத்துக்குத் தேய்வதில்தான். அதைப் பார்த்துப் பேட் தரம் சரியில்லை என்று மாற்றிக்கொண்டே இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மலைப்பாதை:

இறக்கத்துக்கு எந்த கியர் என்று யாராவது சொல்லுங்களேன். என் வண்டி ஆட்டோமேட்டிக்.

இழுவைக்காரி:

இறக்கம் தொடங்கும் முன்பே, மேட்டிலேயே மேனுவல் மோடுக்கு மாற்றி கியரைக் குறைத்துவிடுங்கள். டோ மோடு (சுமை இழுப்பதற்கான கியர் அமைப்பு) இருந்தால் அதையும் போடுங்கள். வேகம் எடுத்த பிறகு குறைக்கப் பார்த்தால் இன்ஜின் சுழற்சி எல்லை மீறும் என்று கியர்பாக்ஸ் மறுத்துவிடும். பிரேக்கைத் தொடாமல் விட்டால் வேகம் மெதுவாக, மிக மெதுவாக ஏற வேண்டும். அந்த கியர்தான் சரி. வேகம் நீங்கள் வைத்த எல்லையை எட்டியதும் அழுத்தமாக ஒருமுறை மிதித்துப் பத்து கி.மீ. குறைத்துவிட்டு முழுசாகக் காலை எடுங்கள். மறுபடி வேகம் ஏறும்வரை டிஸ்க்குக்குக் காற்று கிடைக்கும். லேசாக மிதித்தபடியே இறங்கினால் அந்த இடைவெளி கிடைக்காது. அப்படியும் அடிக்கடி மிதிக்க வேண்டியிருந்தால் இன்னொரு கியர் கீழே போங்கள். இன்ஜின் 3000, 3500 சுழற்சியில் இரைவதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், மீட்டரில் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை அதற்கு ஒன்றும் ஆகாது.